மலையகத்தில் ட்ரோன் வரைபடம்: பறப்பதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் தோட்டக் காணி, வீட்டுத் திட்டம், மண்சரிவு இடம் என்று ட்ரோன் வரைபட வேலைகள் கூடிவிட்டன. ட்ரோன் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் கல்யாண வீடியோவுக்குப் பறப்பது வேறு, அளவெடுக்கப் பறப்பது வேறு. கையேடுகளிலும் யூடியூப் பாடங்களிலும் சொல்லித் தருவது பெரும்பாலும் சமதரைக்கான கணக்கு. அதை அப்படியே கொண்டுவந்து மலையில் பறந்தால் வரைபடம் எங்கே, எப்படிப் பிசகும் என்பதுதான் இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல்.

ட்ரோன் எடுத்த படங்களை ஒட்டினால் வரைபடம் ஆகிவிடாதா?

பார்க்க வரைபடம் மாதிரி இருக்கும். அதில் அளவு எடுக்க முடியாது. ஒரு படத்தில் நடுப்பகுதி நேர்மேலிருந்தும் ஓரங்கள் சாய்வாகவும் தெரியும். மேட்டில் உள்ளவை பெரிதாகவும் பள்ளத்தில் உள்ளவை சிறிதாகவும் விழும். ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களை வைத்து, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மென்பொருள் கணக்கிட்டு, அந்தச் சாய்வையெல்லாம் நீக்கிய பிறகு கிடைப்பதே அளவெடுக்கக்கூடிய படம். அதற்கு ‘ஆர்த்தோ’ படம் என்று பெயர். உயரம் தவறினால் அந்த ஆர்த்தோவில் இடமும் நகரும். அதனால் மலையில் உயரக் கணக்கை யாருக்கும் தள்ளிவிட முடியாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது?

வேலை கொடுத்தவரிடம் ‘எத்தனை சென்டிமீட்டர் வேண்டும்’ என்று கேட்டால் ‘முடிந்தவரை துல்லியமாக’ என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, படத்தை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். எத்தனை ஏக்கரில் தேயிலை செத்துப்போயிருக்கிறது என்று பார்க்க 10 சென்டிமீட்டர் பிசகு ஒன்றும் செய்யாது. கான் எந்தப் பக்கம் ஓடுகிறது, ரோட்டை எங்கே வெட்டலாம் என்று பார்க்க உயரம் சரியாக வேண்டும். வெட்டிய மண்ணின் கனஅளவு கணக்கிட இன்னும் சரியாக வேண்டும்.

நல்ல கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு (தரையில் குறியிட்டு அளந்த இடங்கள், பின்னால் வரும்) எடுத்த வேலையில் கிடையாக ஒன்று அல்லது இரண்டு பிக்சல், உயரத்தில் இரண்டு மூன்று பிக்சல் அளவுக்குப் பிசகு வருவது வழக்கம். தேவையான துல்லியத்திலிருந்து பின்னோக்கிப் போனால் பிக்சல் அளவு கிடைக்கும். அதிலிருந்து பறக்கும் உயரம் கிடைக்கும்.

சரி, பிக்சல் அளவிலிருந்து உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்பதுதான் ஜிஎஸ்டி. கேமராவைப் பொறுத்து அது மாறும். அளவை வேலையில் பலர் பாவிக்கும் பாண்டம் 4 ஆர்டிகே ட்ரோனுக்கு, மீட்டரில் உள்ள உயரத்தை 36.5 ஆல் வகுத்தால் ஜிஎஸ்டி சென்டிமீட்டரில் வரும். 100 மீட்டரில் பறந்தால் 2.7 சென்டிமீட்டர். ஒரு படம் தரையில் ஏறக்குறைய 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் மூடும். இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும். வேறு ட்ரோன் என்றால் வகுக்கும் எண்ணும் வேறு.

மலையில் ஒரே உயரத்தில் நேராகப் பறந்தால் என்ன ஆகும்?

400 மீட்டர் நீளம், 250 மீட்டர் அகலம் உள்ள ஒரு தேயிலை மலையை எடுத்துக்கொள்வோம். 10 ஹெக்டயர், தோட்டக் கணக்கில் 25 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சரிவு 30 பாகை. நம் பக்கத்தில் இது பெரிய சரிவே இல்லை. ஆனால் அந்த 250 மீட்டர் அகலத்துக்குள் கீழ் ரோட்டுக்கும் மேல் எல்லைக்கும் இடையே 144 மீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடுகிறது. கீழ் ரோட்டில் நின்று ‘100 மீட்டர்’ என்று போட்டுக் கிளப்பினால், ட்ரோன் முக்கால் மலையைத் தொடும் முன்பே தேயிலைக்குள் போய் மோதும். செயலியின் திரையில் 100 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த 100 கிளப்பிய இடத்திலிருந்து எண்ணியது.

மோதுவதாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது ஓவர்லாப், அதாவது அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவு. 100 மீட்டர் உயரத்துக்கு முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஓவர்லாப் என்று திட்டமிட்டால், 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு கோடு என்று செயலி போடும். இப்போது தரை 60 மீட்டர் மேலே ஏறுகிறது என்று வையுங்கள். ட்ரோனுக்கும் தரைக்கும் இடையே 40 மீட்டர்தான் மிச்சம். படம் மூடும் இடம் 60க்கு 40 மீட்டராகச் சுருங்குகிறது. படங்களுக்கு இடையே அதே 20 மீட்டர், கோடுகளுக்கு இடையே அதே 45 மீட்டர். ஆக முன்பின் ஓவர்லாப் 50 சதவீதமாகவும் பக்கவாட்டு ஓவர்லாப் 25 சதவீதமாகவும் விழுந்துவிட்டது. மென்பொருள் அந்த இடத்தில் ஓட்டை விடும். அதைவிட மோசமாக, ஓட்டையை ஏதோ ஒரு வளைவால் நிரப்பிவிடும். படம் அழகாகத்தான் இருக்கும்.

தரை 60 மீட்டர் இறங்கினாலோ எதிர்க் கதை. 160 மீட்டர் உயரம், ஜிஎஸ்டி 4.4 சென்டிமீட்டர். ஓவர்லாப் கூடும், விவரம் மங்கும். ஒரே வரைபடத்தில் மேல்பகுதி ஒரு துல்லியம், பணியப் பகுதி ஒரு துல்லியம்.

அதற்குத்தான் தரையைப் பின்தொடரும் வசதி இருக்கிறதே?

இருக்கிறது, பாவிக்கவும் வேண்டும். ஆனால் ட்ரோன் எந்தத் தரையைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் எஸ்ஆர்டிஎம் என்ற உலக உயரத் தரவை எடுத்துக்கொள்கின்றன. அது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். 30 பாகைச் சரிவில் ஒரு கட்டத்துக்குள்ளேயே தரை 17 மீட்டர் ஏறி இறங்கும். அந்தத் தரவுக்கு வைத்த உயரத் துல்லிய இலக்கே 16 மீட்டர்தான். செங்குத்தான மலையில் அதையும் எதிர்பார்க்கக் கூடாது. மரக்காட்டில் ரேடார் தரையைப் பார்க்கவில்லை, மரத்தின் மேல்பகுதியைத்தான் பார்த்தது. 2000க்குப் பிறகு நட்டு வளர்ந்த டர்பன்டைன் மரங்கள் அதில் இல்லவே இல்லை.

நான் சிபாரிசு செய்வது இரண்டு கட்டமாகப் பறப்பது. முதலில் மலையின் மேல்முனையிலிருந்து, அனுமதி தரும் உயரத்துக்குள், எஸ்ஆர்டிஎம் தரவோடு நல்ல இடைவெளி விட்டு ஒரு பறப்பு. அந்தப் படங்களைக் குறைந்த தரத்தில் வேகமாகச் செயலாக்கினால் மேற்பரப்பு மாதிரி ஒன்று கிடைக்கும். மரம், லயத்துக் கூரை எல்லாம் அதில் இருக்கும். அதைச் செயலியில் ஏற்றி, இரண்டாவது பறப்பை அதன் மேல் திட்டமிடலாம். சொந்த உயர மாதிரியை ஏற்கும் செயலிகள் இப்போது நிறையவே உண்டு. அரை நாள் கூடுதலாகப் போகும். 25 ஏக்கருக்கு மேற்பட்ட எந்தச் சரிவுக்கும் அந்த அரை நாள் வீண் இல்லை.

ஆனால் எந்த உயர மாதிரியிலும் கம்பி தெரியாது. பள்ளத்தாக்கைக் கடக்கும் மின்கம்பிகள் இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இடையே தொங்கும், நடுவில் கோபுரம் இருக்காது. சில தோட்டங்களில் மூட்டை இறக்கப் போட்ட பழைய கம்பியும் இன்னும் கிடக்கிறது. இதையெல்லாம் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடுகளை மலை ஏறும் திசையில் போடுவதா, குறுக்காகவா?

குறுக்காக. தேயிலை வரிசை எப்படிச் சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறதோ அப்படி. ஒரு கோட்டுக்குள் உயரம் அதிகம் மாறாது, ட்ரோன் ஏறி இறங்கிச் சாய்ந்து படம் எடுக்காது, பேட்டரியும் மிஞ்சும். மலை ஏறும் திசையில் போட்டால் ஏறும்போது ஒரு வேகம், இறங்கும்போது ஒரு வேகம். செங்குத்தான இடத்தில் ட்ரோன் ஏறும் வேகம் போதாமல் தரை முன்னால் வந்துவிடும்.

மலை வளைந்து போனால் ஒரே பெட்டியாகத் திட்டமிடாதீர்கள். வளைவுக்கு ஏற்ப இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே இரண்டு கோடுகளாவது ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வையுங்கள். எல்லைக்கு வெளியேயும் பக்கத்துக்கு ஒரு கோடு கூடுதலாகப் பறக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அதனால்தான்.

தேயிலைக்கு எத்தனை சதவீத ஓவர்லாப் நல்லது?

80க்கு 80. பொதுவாகச் சொல்லும் 75க்கு 65 எல்லாம் கட்டடமும் ரோடும் உள்ள இடத்துக்குச் சரி. கொழுந்து எடுத்து மட்டமாக நிற்கும் தேயிலை மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. மென்பொருளுக்கு இந்தச் செடிக்கும் அடுத்த செடிக்கும் வித்தியாசம் தெரியாது. காற்றில் இலையும் அசையும். அதற்கு நிறையப் படங்கள் கொடுக்க வேண்டும்.

மேலே சொன்ன 10 ஹெக்டயர் மலைக்கு 80 சதவீதப் பக்கவாட்டு ஓவர்லாப் என்றால் கோட்டு இடைவெளி 30 மீட்டர். வெளியே ஒன்றிரண்டு சேர்த்துப் பதினொரு கோடு, ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 250 படம். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 14 நிமிடம், திரும்பும் நேரம் தனி. ஒரு பேட்டரிக்குள் அடங்கும் வேலைதான். ஓவர்லாப்பில் கஞ்சத்தனம் காட்டி மிச்சப்படுத்துவது ஐந்து நிமிடம்கூட இல்லை.

வேகமும் ஷட்டரும்?

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ட்ரோன் அரைப் பிக்சலுக்கு மேல் நகரக் கூடாது. 100 மீட்டரில் அரைப் பிக்சல் என்பது 1.3 சென்டிமீட்டர் சொச்சம். விநாடிக்கு 6 மீட்டர் வேகமும் 500இல் ஒரு பங்கு விநாடி ஷட்டரும் என்றால் 1.2 சென்டிமீட்டர், மயிரிழையில் தப்பிக்கிறோம். மேகமூட்டத்தில் ஆட்டோவில் விட்டால் ஷட்டர் 200இல் ஒரு பங்குக்கு இறங்கி, 3 சென்டிமீட்டர் இழுபடும். ஷட்டரைக் கையால் பூட்டுங்கள். ஃபோகஸையும்தான்.

எங்கிருந்து கிளப்புவது நல்லது?

மேலிருந்து. ட்ரோன் கண்ணில் படும், சிக்னல் மறையாது, பேட்டரி நிறைந்திருக்கும்போது கீழ்ப்பகுதிகளை முடித்துக்கொண்டு மேலே வரலாம். கீழே லயத்து வாசலில் இருந்து கிளப்பினால் ஒரு புடைப்புக்குப் பின்னால் போன மறுகணம் சிக்னல் போய்விடும்.

சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரத்தைப் பலர் மாற்றுவதே இல்லை. அதுவும் கிளப்பிய இடத்திலிருந்தே எண்ணப்படுகிறது. பள்ளத்திலிருந்து கிளப்பி, அந்த உயரத்தை 60 மீட்டர் என்று விட்டிருந்தால், நடுவில் நிற்கும் 80 மீட்டர் மேட்டுக்குள்ளேயே ட்ரோன் ‘வீட்டுக்கு’ வரப் பார்க்கும். தடை உணரி காப்பாற்றும் என்பார்கள். மெல்லிய கிளைக்கும் கம்பிக்கும் மூடுபனிக்கும் அது உதவாது. பறக்கும் பகுதியில் ஆக உயரமான மரத்தின் உச்சியைவிட 30 மீட்டராவது கூட்டிப் போடுங்கள்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் பறப்பது?

மலையகம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. மேற்குச் சரிவுகளுக்கு, அதாவது கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களுக்கு, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஒரு வாரம் காத்திருந்தும் ஒரு மணி நேரம் கிடைக்காத நிலை வரலாம். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வானம் வெளுத்திருக்கும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும். மலை முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று, முகட்டுக்குப் பின்னால் சுருண்டு கீழே அமுக்கும். செயலி காட்டும் காற்று வேகம் நீங்கள் நிற்கும் இடத்துக்கானது, முகட்டுக்கு அப்பால் அது பொருந்தாது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை ஊவாப் பக்கம் வடகிழக்கு மழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை தெளிவாக இருந்து, பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை உள்ள காலைகள்தான் என் தெரிவு. காலை என்றாலும் விடிந்த உடனே இல்லை. அந்த நேரத்தில் மலையின் நிழல் பள்ளத்தை மூடியிருக்கும், இலையில் பனித்தண்ணீர் மின்னும். இரண்டுமே படப்பொருத்தத்தைக் கெடுக்கும். எட்டரை ஒன்பது முதல் மூடுபனி ஏறத் தொடங்கும்வரை உள்ள நேரத்தைப் பிடியுங்கள். மேற்குப் பார்த்த சரிவுக்கு அந்த நேரம் வெளிச்சம் போதாவிட்டால், மெல்லிய மேகம் மூடிய நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிழல் இல்லாத சீரான வெளிச்சம் வெயிலைவிட மேல்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எத்தனை வேண்டும், எங்கே வைப்பது?

தரையில் குறியிட்டு, செயற்கைக்கோள் வழியாக இடம் அளக்கும் ஜிஎன்எஸ்எஸ் கருவியால் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்த இடம்தான் கட்டுப்பாட்டுப் புள்ளி. சமதரையில் நான்கு மூலைக்கு நான்கும் நடுவில் ஒன்றும் என்று ஐந்து சொல்வார்கள். மலையில் எண்ணிக்கையைவிட உயர அடுக்கைப் பாருங்கள். மேல் எல்லையில் இரண்டு மூன்று, நடுவில் இரண்டு, பணிய ரோட்டில் இரண்டு மூன்று. நமக்கு நடக்க வசதியான கார் ரோட்டு ஓரத்திலேயே எட்டுப் புள்ளி போட்டுவிட்டால், அவையெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். அப்போது ரோட்டில் எல்லாம் சரியாக வரும், மேல்மலையின் உயரம் மட்டும் மெதுவாக வளைந்து போகும். அறிக்கையில் பிசகு 2 சென்டிமீட்டர் என்றே எழுதியிருக்கும், ஏனென்றால் அது அந்தப் புள்ளிகளில் மட்டுமே பார்த்த பிசகு.

அதனால் தனியாகச் சோதனைப் புள்ளிகள் வேண்டும். இவற்றையும் அதே கருவியால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருளின் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். வரைபடம் முடிந்தபின் வரைபடம் சொல்லும் எண்ணையும் கருவி சொன்ன எண்ணையும் ஒப்பிட்டால் உண்மையான துல்லியம் அதுதான். இரண்டு மூன்று புள்ளிகளாவது, நீங்கள் ஏற அலுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

குறி எப்படி இருக்க வேண்டும்? 2.7 சென்டிமீட்டர் ஜிஎஸ்டிக்கு 60 சென்டிமீட்டர் சதுரம் போதும். கறுப்பும் வெள்ளையும் எதிரெதிராக, நடு முனை கூராகத் தெரியும்படி. தறப்பாள் துண்டில் பெயின்ட் அடித்து நான்கு மூலையிலும் ஆணி இறக்கினால் வேலை முடிந்தது. வழவழப்பான தறப்பாள் வெயிலில் பளபளத்து, படத்தில் வெள்ளைப் பொட்டாகிவிடும், அதனால் மங்கலான பெயின்ட். சவுக்கு மரத்தின் கீழ் வைக்காதீர்கள், நிழலும் கிளையும் மறைக்கும். தேயிலைக்குள் வைக்க வேண்டி வந்தால் கான் சந்திக்கும் இடத்திலோ பாறை முகத்திலோ வையுங்கள். சுண்ணாம்பால் போட்ட குறி ஒரு தூறலில் போய்விடும்.

அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போக மறக்க வேண்டாம்.

ட்ரோனிலேயே ஆர்டிகே இருந்தால் புள்ளிகள் தேவையா?

குறைக்கலாம், முழுதாக விட முடியாது. ஆர்டிகே என்பது செயற்கைக்கோள் தரும் இடத்தைப் பறக்கும்போதே திருத்தும் முறை, ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தை சென்டிமீட்டரில் தருகிறது. கேமராவின் குவியத்தூரம் கொஞ்சம் பிசகினால்கூட மொத்த உயரமும் ஒரே பக்கம் ஏறி இறங்கும், அதை ஆர்டிகே காட்டிக்கொடுக்காது. இரண்டு மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளியும் சில சோதனைப் புள்ளியும் எப்போதும் வையுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பிரச்சினை, இணையம் வழியாக வரும் ஆர்டிகே திருத்தம். பள்ளத்தாக்கில் ஃபோனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட இருக்காது. அங்கே சொந்த பேஸ் ஸ்டேஷனை, அதாவது அசையாமல் நிற்கும் ஒரு ஜிஎன்எஸ்எஸ் கருவியை, அளந்த புள்ளியின் மேல் நிறுத்தி, தரவைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அலுவலகத்தில் திருத்தும் பிபிகே முறைதான் கைகொடுக்கும். பறப்பு நடக்கும்போது ஆர்டிகே போகவும் வரவும் இருந்தால், பாதிப் படம் சென்டிமீட்டரிலும் பாதிப் படம் மீட்டரிலும் பிசகியிருக்கும். அப்படி ஒரு தொகுதியைச் சரிசெய்வது பெரும் தலைவலி.

வரைபடத்தின் உயரம் கிட்டத்தட்ட 100 மீட்டர் குறைவாக வருகிறதே, ட்ரோன் பழுதா?

பழுது இல்லை. செயற்கைக்கோள் தரும் உயரம் பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. பழைய வரைபடங்களில் உள்ளது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. உலகத்திலேயே இந்த இரண்டும் ஆக அதிகமாக விலகும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அதனால் இலங்கையில் வித்தியாசம் 100 மீட்டரை நெருங்கும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டரில் உள்ள நுவரெலியா நகரம், ட்ரோன் தரவில் 1770 மீட்டர் சொச்சமாகத் தெரிவது அதனால்தான். மென்பொருளில் இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் சொல்லும் புவிமட்ட மாதிரி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது கடல்மட்ட உயரம் தெரிந்த புள்ளியோடு கட்டிவிடலாம். எது செய்தாலும் ட்ரோன், புள்ளிகள், உயர மாதிரி மூன்றும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

கிடை ஆயங்களிலும் இதே குழப்பம் உண்டு. இலங்கையில் இப்போது பாவனையில் உள்ளது எஸ்எல்டி 99 கட்டம், மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 5235 என்று தேடலாம். பழைய பிளான்களில் கண்டவல கட்டம் இருக்கும். இரண்டுக்கும் தொடக்கம் பிதுருதலாகல மலைதான். புதியதில் அந்த இடத்துக்கு 5 லட்சம், 5 லட்சம் என்றும் பழையதில் 2 லட்சம், 2 லட்சம் என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நுவரெலியா மாவட்டத்துப் பிளான் ஒன்றைக் கையில் வாங்கினால் எண்ணைப் பார்த்தே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம்.

தேயிலைக்குக் கீழே உள்ள தரையை எப்படி எடுப்பது?

கேமராவுக்குச் செடிக்குள் கண் போகாது. படத்திலிருந்து கிடைப்பது தேயிலையின் மேல்மட்டம், தரைக்கு மேலே முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ. கானின் ஆழமும் சிறு வெடிப்பும் அதற்குள் ஒளிந்துவிடும். மென்பொருள் ‘தரை’ என்று பிரித்துத் தருவதும், மூடிய தேயிலையில் ஊகம்தான்.

இதற்கு மலையகத்தில் ஒரு வழி உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையில் பறங்கள். வெட்டிய சில வாரத்துக்குத் தண்டும் தரையும் அப்படியே தெரியும், கான், வெடிப்பு, ஊற்று எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு மலைக்குக் கவ்வாத்து சில வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், எந்த நம்பர் மலை எப்போது கவ்வாத்துக்கு வருகிறது என்று தோட்டத்து ஆபீஸில் பட்டியலைக் கேட்டு வைத்துக்கொண்டால் வருட வேலையையே அதன்படி அடுக்கலாம். அதுவரை காத்திருக்க முடியாத மண்சரிவு வேலைக்கு, லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவி உள்ள ட்ரோன் வேண்டும், செலவு பல மடங்கு.

வெட்டிய மண் சுவர், லயத்துக்குப் பின்னால் உள்ள அணை எல்லாம் சரியாக விழவில்லை. ஏன்?

நேர் கீழே பார்க்கும் கேமராவுக்குச் செங்குத்தான முகம் ஒரு கோடு மட்டுமே. வழமையான பறப்பு முடிந்ததும், கேமராவை 30 பாகை அளவில் சாய்த்து, அந்த முகத்தைப் பார்த்தபடி இரண்டு கோடு கூடுதலாகப் பறங்கள். சாய்ந்த படங்களால் இன்னொரு லாபமும் உண்டு. நேர்ப் படங்களை மட்டும் வைத்துச் செய்த மாதிரி சில நேரம் நடுவில் மெல்லப் புடைத்தோ குழிந்தோ வரும், சாய்ந்த படங்கள் அதைத் தடுக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு, லயத்துக்கு மேலே உள்ள சரிவை அளப்பது மலையகத்தில் யாருக்கும் காகித வேலை இல்லை. அந்தப் பகுதியை மட்டும் இன்னும் தாழ்ந்து, தனியாக எடுத்துக் கொடுங்கள். ஆபத்து உண்டா இல்லையா என்பதைச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. வரைபடம் எடுத்தவர் வாயைக் கொடுக்கக் கூடாது.

அனுமதி யாரிடம் எடுக்க வேண்டும்?

சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் ட்ரோன் பதிவும் பறக்கும் அனுமதியும், பாதுகாப்பு அமைச்சின் இசைவும் முதல் தேவை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதே கொஞ்ச காலம் தடைப்பட்டிருந்தது, இப்போதும் பார்வை இறுக்கமாகத்தான் இருக்கிறது. அணைக்கட்டு, மின்நிலையம், முகாம், பிதுருதலாகல உச்சி போன்றவற்றின் பக்கம் போகவே வேண்டாம். ஹோர்டன் சமவெளி போன்ற இடங்களுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனி. தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம், பிறகு பொலிஸில் ஒரு வார்த்தை. அனுமதிக் கடிதத்தில் எழுதிய உயரமும் நாளும்தான் உங்கள் எல்லை, திட்டத்தை அதற்குள் அடக்குங்கள்.

லயத்தில் உள்ளவர்களிடம் சொல்வது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கத் தேவையில்லை. பீலியில் குளிக்கும் நேரத்தில் அதன் மேல் பறக்காதீர்கள். காலைப் பிரட்டில் ஐந்து நிமிடம் நின்று எதற்காகப் படம் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டால், ‘காணியைப் பிடிக்க வந்திருக்கிறார்கள்’ என்ற கதை கிளம்பாது.

வேறு என்ன ஆபத்தைத் தோட்டத்தில் கவனிக்க வேண்டும்?

குளவி. அதே பிரட்டில் எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று கேளுங்கள், கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கு அத்துப்படி. கூட்டுக்குப் பக்கத்தில் தாழப் பறந்து அது கலைந்தால், ட்ரோன் தப்பிவிடும். கொட்டு வாங்குவது கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள். கூடு உள்ள துண்டை ஆட்கள் இல்லாத நாளில், உயரத்தைக் கூட்டிப் பறங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வரைபடத்தில் ஒரு ஓட்டை இருந்தால் இருக்கட்டும்.

நுவரெலியாவில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதே?

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதற்கு ஈடாகக் கூடுதலாகச் சுழல வேண்டும். குளிர் வேறு. பேட்டரியை உடுப்புக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, 30 சதவீதத்தில் இறக்கிவிடுங்கள்.

இந்த வரைபடத்தை வைத்து 7 பேர்ச் காணியைப் பிரித்துக் கொடுக்கலாமா?

பார்வைக்கும் பேச்சுவார்த்தைக்கும் பாவிக்கலாம். உறுதிக்குச் செல்லாது. சட்டப்படி காணிப் பிளான் போடுவது பதிவு பெற்ற நில அளவையாளர்தான், அதற்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம் இருக்கிறது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், 7 பேர்ச் என்றால் 177 சதுர மீட்டர், சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 13.3 மீட்டர். அதில் சுற்றிவர 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் பேர்ச்சில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வீட்டுக்கு அது சின்னது. ஐம்பது வீடு வரிசையாக வந்தால் யாரோ ஒருவரின் கக்கூஸ் அடுத்தவர் காணிக்குள் நிற்கும். சர்வேயரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். அவர் கல் நடும் புள்ளிகளே உங்களுக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகவும் கிடைக்கும்.

மலையை விட்டு இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

படங்களின் எண்ணிக்கை திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, மூடுபனி நுழைந்த படங்கள் எவை, மேல்முனையிலும் பணிய முனையிலும் எடுத்த படங்களைப் பெரிதாக்கினால் குறிகள் கூராகத் தெரிகின்றனவா என்று லேப்டாப்பில் பாருங்கள். நேரம் இருந்தால் குறைந்த தரத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஓபன்ட்ரோன்மேப் இதற்குப் போதும். குறிகளை உடனே பிடுங்க வேண்டாம்.

வேலை கொடுத்தவரிடம் படத்தோடு வேறு என்ன கொடுப்பது?

ஒரு பக்கத் தாள். பறந்த நாள், கேமரா, ஜிஎஸ்டி, எந்தக் கட்டம், உயரம் கடல்மட்டத்திலிருந்தா நீள்கோளத்திலிருந்தா, கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எங்கே, ஒவ்வொரு சோதனைப் புள்ளியிலும் கிடையாகவும் உயரத்திலும் எத்தனை சென்டிமீட்டர் பிசகு. சராசரியை மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள், ஆகக் கூடிய பிசகு எந்தப் புள்ளியில் என்பதையும் எழுதுங்கள். தேயிலை மூடியிருந்த இடங்களைக் கோடிட்டுக் காட்டி, இங்கே உள்ள உயரம் செடியின் மேல்மட்டம் என்று குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ரோடு வெட்டுகிறவர் உங்களைக் கூப்பிட்டு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.